முள்ளில்லாத முள்முருக்கு

யாராவது என்னை "இவர் விவசாயம் படிச்சவர்" என்று அறிமுகப்படுத்தினால் இன்றைக்கும் எனக்கு இரண்டு காதும் சுடும். நான் விவசாயம் படிக்கவில்லை. ஊரில் ஒரு விவசாயக் கந்தோரில் இரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தேன், அவ்வளவுதான். வருகிற கடிதங்களுக்கு இலக்கம் போட்டு அலுமாரியில் அடுக்குவது என் வேலை. கந்தோர் வாசலில் ஒரு செம்பரத்தை நின்றது. அதற்குத் தண்ணீர் ஊற்றியதுகூடக் காவலாளிதான். இந்த உண்மையை நான் யாருக்கும் மறைத்ததில்லை. (கேட்காதவர்களுக்குச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.)

எழுதுவினைஞரை அதிகாரியாக்கியவர் கலியாணத் தரகர். அந்த அதிகாரியை மர நிபுணராக்கியவர் சிவபாதம் அண்ணை. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலைக்கு ஒரு குளிர்காலம் முழுக்க அனுபவித்தவன் நான். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் சிரிப்புக்கு முன்னால் கோபம்தான் வருகிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸில் தமிழர் கூடுகிற லாச்சப்பலில் ஆறாம் மாடியில் ஓர் அறை, அதற்குள் நாங்கள் ஐந்து பேர். எனக்கு இருபத்தெட்டு வயது. பகலில் ஒரு பெரிய கன்டீன் சமையலறையில் மரக்கறி வெட்டும் வேலை. ஊரிலிருந்து அம்மா பேசி முடித்த பெண்ணின் பெயர் இராசமலர். படத்தில் பார்த்திருந்தேன், பிடித்திருந்தது. அவளுடைய தமையன் சிவபாதம் அண்ணை பாரிஸுக்கு வெளியே ஓல்னேயில் குடும்பத்தோடு இருந்தார். மலர் பங்குனியில் அவரிடம் வந்து சேருவதாகவும் சித்திரை முடிவதற்குள் கலியாணம் என்றும் ஏற்பாடு. சாதகம் பொருந்திவிட்டது. தகராறு வந்தது ஒரு தடியால்.

யாழ்ப்பாணத்துச் சைவக் கலியாணம் என்றால் முள்முருக்கந்தடி ஒன்று ஊன்ற வேண்டும். கன்னிக்கால் என்பார்கள். மஞ்சள் துணி கட்டி, பாலும் தண்ணீரும் விட்டு ஊன்றுவார்கள். அது தளிர்த்தால் குடும்பமும் தளிர்க்கும் என்று நம்பிக்கை. ஊரில் இதைவிட லேசான காரியம் கிடையாது. முள்முருக்கு வேலியில் நிற்கிற மரம். மூன்று மூன்றாக இலை, உடம்பெல்லாம் முள், சிவப்புப் பூ. கத்தியோடு வேலிக்குப் போனால் ஒரு நிமிடத்தில் தடி கையில்.

மலரின் தாய், அதாவது எனக்கு வரவிருந்த மாமி, தை பிறக்கும் முன் ஒரு கடிதம் எழுதினார். மூத்த மகளுக்குக் கொழும்பில் ஓர் ஓட்டல் மண்டபத்தில் அவசர அவசரமாகக் கலியாணம் செய்தார்களாம். கன்னிக்கால் ஊன்றவில்லையாம். மூன்றாம் மாதம் ஜெர்மனிக்குப் போகிறேன் என்று புறப்பட்ட மருமகன் ஜெர்மனியிலும் இல்லை, வேறு எங்கும் இல்லை. "இவளுக்கும் அப்பிடி நடக்க விடமாட்டன். முள்முருக்கு ஊண்டாமல் தாலி ஏறக்கூடாது. ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ, பிள்ளையை அனுப்பேல்லை" என்று எழுதியிருந்தார்.

ஒரு தாயின் பயம் எனக்கு விளங்கியது. அவர்மீது எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் அந்தக் கடிதத்தை எங்கள் அறைக்குக் கொண்டுவந்து, என் கட்டிலில் அமர்ந்து, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே வாசித்த சிவபாதம் அண்ணையின் மீதுதான்.

"தம்பி, நீர் விவசாய ஒபிசர். உமக்கு இதொரு வேலையே?"

"அண்ணை, பாரிஸிலை முள்முருக்குக்கு நான் எங்கை போறது?"

"தடி கொண்டு வரேலாது. கொண்டு வந்தாலும் வழியிலை காஞ்சுபோம். அம்மா ஒரு ஆளிட்டை விதை குடுத்து விட்டிருக்கிறா. நீர் போட்டு வளத்தெடும்."

"விதையிலையிருந்தோ? இந்தக் குளிருக்கையோ?"

"அதுக்குத்தானே ஒபிசர் மாப்பிளை எடுத்தனாங்கள்!"

நான் ஒபிசர் இல்லை என்று சொல்ல அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். வாயைத் திறந்தேன். "தை பிறந்த உடனை போட்டால் நல்லது" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஊரில் ஒருவரும் முள்முருக்குக்கு விதை போட்டதில்லை. தடியைக் குத்திவிட்டாலே வளர்கிற மரத்துக்கு யார் விதை தேடிக்கொண்டு திரிவார்கள்? ஆகவே முள்முருக்கின் குழந்தைப் பருவத்தை நான் மட்டுமல்ல, லாச்சப்பலில் நின்ற ஒரு தமிழனும் கண்டதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். என்னை மட்டும் முட்டாள் என்று முடிவுகட்டுவது அநியாயம்.

விதை வந்தது. சின்னத் துணி முடிச்சில் ஒரு கைப்பிடி. கருஞ்சிவப்பு நிறம், சிறுநீரக வடிவம், தேய்த்துவிட்டதுபோல மினுக்கம். தைப்பொங்கலுக்கு முதல்நாள் அதை ஒரு யோகர்ட் கோப்பையில் வெந்நீர் விட்டு ஊறப்போட்டு, ஹீற்றருக்கு மேல் வைத்தேன். அதே நாள், அதே ஹீற்றருக்கு மேல், அதே மாதிரி ஒரு யோகர்ட் கோப்பையில் அந்தோனியும் ஒன்றை ஊறப்போட்டிருந்தான்.

அந்தோனி மன்னார்க்காரன், என் அறைத் தோழன். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். லீவு நாட்களில் எங்கள் ஐந்து பேருக்கும் அவன்தான் சமையல். கத்தரிக்காய்க் கறிக்குள் ஒரு கை சிவப்பு அவரைக்கொட்டை போட்டால்தான் கறி கறியாக இருக்கும் என்பது அவனுடைய கொள்கை.

பொங்கலன்று காலை நான் குளித்து, திருநீறு பூசி, கிழக்கு எது என்று தெரியாமல் ரயில் நிலையப் பக்கம் பார்த்துக் கும்பிட்டு, விதைகளைச் சாடியில் ஊன்றினேன். அந்தோனி கறி வைத்தான். மூன்று மணித்தியாலம் அவித்தும் கொட்டை அவியவில்லை. முதல் வாய்க்கே அவனுடைய கடைவாய்ப் பல் விளிம்பு உடைந்தது. சட்டியோடு குப்பையில் கொட்டிவிட்டு, அவரைக்கொட்டை வாங்கிய அரபுக் கடைக்குப் போய், எல்லா மொழியிலும் சண்டை பிடித்து, ஒரு புதுப் பைக்கற்றோடு திரும்பி வந்தான். "கல்லை விக்கிறாங்கள், கள்ளர்!" என்று அவன் கத்தியபோது நானும் சேர்ந்து கத்தினேன். எனக்கு அநியாயம் பிடிக்காது.

எட்டாம் நாள் என் சாடியில் முளை வந்தது. மூன்று முளை. குனிந்த தலையோடு மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து, இரண்டு பருத்த பருப்பிலையை விரித்தன. அடுத்த கிழமை உண்மையான இலை. மூன்று மூன்றாக! நான் அறைக்குள் துள்ளினேன். சிவபாதம் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்து, "அண்ணை, மூண்டிலை வந்திட்டுது!" என்றேன். அவர் மறுமுனையில் யாருக்கோ "மாப்பிளை கெட்டிக்காரன்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. பொய்யில்லை, நெஞ்சு நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு தொடங்கியது என் அடிமை வாழ்வு. வெயில் நாட்டு மரத்தைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வளர்ப்பது லேசான விஷயமில்லை. எங்கள் அறைக்கு ஒரே ஒரு யன்னல். குளிர்சாதனப் பெட்டி இல்லாத எங்களுக்கு அந்த யன்னல் விளிம்புதான் குளிர்சாதனப் பெட்டி. பட்டர், மீன், முந்தின நாள் குழம்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். மரத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று நான் அவற்றை எல்லாம் இறக்கினேன். மீன் பழுதாகியது. நான்கு பேர் என்னோடு பேசாமல் விட்டார்கள். ஒரு மனிதனின் கலியாணம் பெரிதா, நான்கு பேரின் கானாங்கெளுத்தி பெரிதா என்று நான் கேட்டேன். நான்கு பேரும் மீன் என்றே சொன்னார்கள். இவர்களோடுதான் நான் வாழ்ந்தேன்.

யன்னலுக்குக் கீழே ஹீற்றர். அதன் வறண்ட சூட்டில் இலை கருகத் தொடங்கியது. பூங்காவிலிருந்து சட்டைப்பை நிறையக் கூழாங்கல் பொறுக்கி வந்து, தட்டில் பரப்பி, தண்ணீர் விட்டு, அதன்மேல் சாடியை வைத்தேன். அப்போதுதான் செடியைச் சுற்றிக் காற்றில் ஈரம் நிற்குமாம். (ஆற்றங்கரையில் செடி விற்ற ஒரு கிழவனிடம் கைச்சாடையில் கேட்டுப் படித்தது.) இலையின் அடியில் சிவப்பாகப் பொடிப்பொடியாய்ப் பூச்சி வந்தது. ஒவ்வோர் இலையாகச் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்தேன். ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி. தண்ணீரைக்கூடப் பச்சையாய் ஊற்றவில்லை, கை சூடு பார்த்து ஊற்றினேன். மண்ணின் மேற்பகுதி காயாமல் ஊற்றவும் இல்லை. ஒவ்வொரு காலையும் சாடியைக் கால்வட்டம் திருப்பினேன், ஒரே பக்கம் சாயாமல் இருக்க. பாரிஸில் தை மாதத்து வெயில் என்று ஒன்று கிடையாதென்பதால் ஒரு குழல் விளக்கு வாங்கித் தொங்கவிட்டேன். உணவகத்தில் வேலை முடித்துவிட்டுக் காலையில் தூங்குகிற அந்தோனி முகத்தில் துவாயைப் போட்டுக்கொண்டு அந்த வெளிச்சத்தில் தூங்கினான்.

"மச்சான், நீ கலியாணம் கட்டேக்கை நான் குருடாயிடுவன்" என்றான் ஒருநாள்.

"ஒரு மரம் வளருது, பொறு."

"என்ன மரமடா இது? நிக்கமாட்டன் எண்டு படுக்குது!"

அது உண்மைதான். ஓரடி வளர்ந்ததும் மூன்றும் வளையத் தொடங்கின. நான் கலங்கவில்லை. வெளிச்சம் காணாத இடத்தில் எந்த மரக்கன்றும் நூலாய் நீண்டு வளையும் என்று கிழவன் சொல்லியிருந்தான். அறை கூட்டுகிற தும்புத்தடியின் காம்பை அறுத்துச் சாடியில் ஊன்றினேன். மூன்றும் அதைச் சுற்றிக்கொண்டு ஏறின. எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பாவம், பிடிமானம் தேடுகின்றன என்று கண் கலங்கினேன்.

மாசி மாதம் கீழ் வீட்டு மதாம் கதவைத் தட்டினாள். என் கூழாங்கல் தட்டு வழிந்து அவளுடைய உட்கூரையில் கறையாம். அறுபது வயது, உதட்டில் சாயம், கையில் நாய். உள்ளே வந்து யன்னலைப் பார்த்தவள் கோபத்தை மறந்துவிட்டாள். "ஓ, அரிக்கோ!" என்றாள். அவளுடைய தகப்பன் தோட்டத்தில் இப்படித்தான் கம்பில் ஏற்றுவானாம்.

அரிக்கோ என்றால் அவரை, போஞ்சி வகை. எனக்குத் தெரியாதா? நான் வேலை செய்த சமையலறையில் பச்சைப் போஞ்சி பெட்டி பெட்டியாக வரும். நாள் முழுக்க அதன் இரண்டு நுனியையும் கிள்ளியே என் பெருவிரல் பச்சையாகியிருந்தது. அப்படிப்பட்டவனிடம் வந்து, எங்களுடைய கன்னிக்காலை, ஒரு மங்கல மரத்தை, இந்த மனுசி அரிக்கோ என்கிறாள்! எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

"மதாம்," என்றேன், எனக்குத் தெரிந்த அத்தனை பிரெஞ்சையும் திரட்டி, "இது மரம். புனித மரம். பெரிய மரம். மூன்று மாடி."

"மே நோன், அரிக்கோ" என்றாள் அவள், இல்லை என்று தலையாட்டி, இலையைத் தடவி.

"மரம்!"

"அரிக்கோ!"

நாயும் குரைத்தது. அவளைக் கதவுவரை கொண்டுபோய் விட்டேன். அன்று முழுக்க அறையில் என் சொற்பொழிவுதான். இந்த நாட்டுக்காரருக்கு எங்கள் மரமெல்லாம் அரிக்கோதான், எங்கள் பெயர் வாயில் நுழையாது, எங்கள் சாப்பாடு நாறும், இப்போது எங்கள் மரத்துக்கும் அவர்களே பெயர் வைக்கிறார்கள் என்று. அந்தோனிகூட ஆமோதித்தான். (இன்று அந்த மதாமை நினைத்து வெட்கப்படுகிறேன். மாடிப்படியில் கண்டபோதெல்லாம் முகத்தைத் திருப்பினேன். பாவம், அவள் சொன்னது தவிர எல்லாம் பிழை.)

பங்குனி வந்தது, மலர் வந்தாள், முள் மட்டும் வரவில்லை.

அதற்குள் என் மரம் லாச்சப்பலில் பெரிய செய்தியாகியிருந்தது. வீதியில் கண்டவனெல்லாம் "வணக்கம்" சொல்வதை விட்டுவிட்டு "முள்ளு வந்திட்டுதோ?" என்றான். சிவபாதம் அண்ணை நேரே பார்க்க வந்தார். தண்டைத் தடவினார். வழுவழுவென்று இருந்தது.

"என்ன தம்பி, முள்ளைக் காணேல்லை?"

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகப் பேசியது. "அண்ணை, மரத்துக்கு முள்ளு எதுக்கு? ஆடு கடிக்காமல் இருக்க. பாரிஸிலை ஆடு எங்கை கிடக்கு? ஆடில்லாத இடத்திலை மரம் முள்ளை எடுக்காது."

சிவபாதம் அண்ணை என்னை மரியாதையோடு பார்த்தார். "படிச்சவன் படிச்சவன்தான்" என்றார். பிறகு ஓல்னே முழுக்க இந்த விளக்கத்தைத் தன்னுடையதாகச் சொல்லித் திரிந்தார்.

இரண்டு கிழமையில் பூத்தது. வெள்ளைப் பூ, சின்னது. முள்முருக்குச் சிவப்பாகப் பூக்கவேண்டும். "வெள்ளை முருக்கு. அருமையான சாதி" என்று அறிவித்தேன். அப்படி ஒரு சாதி உண்மையாகவே உண்டு, ஆகவே அதைப் பொய் என்று சொல்லமுடியாது. மூன்று மாதக் கன்று எப்படிப் பூக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஹீற்றர் சூட்டுக்குப் பூத்துவிட்டது என்று நினைத்தேன்.

கலியாண நாள். ஓல்னேயில் ஒரு மண்டபம். விடியற்காலையே சாடியை மார்போடு அணைத்துக்கொண்டு நானும் அந்தோனியும் ரயிலேறினோம். மாப்பிள்ளை மரத்தோடு போகிறான். தும்புத்தடி நுனி எதிரில் இருந்த ஒருவரின் தொப்பியைத் தட்டியது. இலை ஒன்று முறிந்ததற்கு நான் அந்தோனியைத் திட்டிய திட்டில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

மண்டபத்தில் அறுபது பேர் இருப்பார்கள். பந்தல் ஏது, வளவு ஏது? ஊரில் இரண்டு மூன்று நாளில் செய்கிற எல்லாவற்றையும் ஒரே காலையில் செய்தோம். சாடியை மணவறைப் பக்கத்தில் வைத்தார்கள். சிவபாதம் அண்ணை மஞ்சள் துணியை எடுத்துத் தண்டில் கட்டினார். திடீரென்று கையை உதறி, "ஸ்ஸ்! முள்ளுக் குத்திப்போட்டுது!" என்றார். விரலை உயர்த்திச் சபைக்குக் காட்டினார். ஒரு சொட்டு இரத்தம். "பாத்தியளே, அசல் முள்முருக்கு!"

துணியில் ஊசி குத்தியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியும். அந்த நேரம் எனக்கு வந்த ஆனந்தத்தை என்னவென்று சொல்வேன்! கடைசி நிமிடத்திலாவது முள் வந்துவிட்டதே!

தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து கன்னிக்காலுக்குப் பால் விடவேண்டும் என்று சிவபாதம் அண்ணை உத்தரவிட்டார். (இப்படி ஒரு முறை இருக்கிறதா என்று எனக்கு இன்றும் தெரியாது.) செம்பை இருவரும் பிடித்தோம். அதுவரை மலரும் நானும் தனியே ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணை விட்டால்தானே. மணப்பெண் தலை குனிந்து நிற்கவேண்டும் என்பது ஊர் வழக்கம். அறுபது பேரும் மேலே பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்திதான் குனிந்து, செடியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பால் விடுகிற கை நின்றது.

"இஞ்சருங்கோ" என்றாள் மெல்ல. "இது போஞ்சியெல்லோ?"

என் மனைவி என்னோடு பேசிய முதல் வசனம் இதுதான்.

நானும் குனிந்தேன். இலைகளுக்குள்ளே, மஞ்சள் துணிக்குக் கீழே, விரல் நீளத்தில் பச்சைப் பசேலென்று தொங்கின. ஒன்றிரண்டு இல்லை, கொத்தாக. முந்தின கிழமை அவற்றைக் குருத்து என்று நினைத்துத் துடைத்து வைத்தவன் நான். மாதக்கணக்கில் சமையலறையில் நுனி கிள்ளிய அதே காய்! பெட்டியில் கிடந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். செடியில் தொங்கியபோது தெரியவில்லை. இரண்டடி தள்ளிச் சிவபாதம் அண்ணை விரலைச் சூப்பிக்கொண்டு நிற்கிறார். இவள் சத்தமாக ஒரு சொல் சொன்னால் கலியாணம் நின்றுவிடும். ஒபிசர் இல்லை, மரம் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. அவளுடைய தாய் கடிதத்தில் எழுதியது ஒவ்வொரு வரியாக எனக்கு ஞாபகம் வந்தது.

"சொல்லிப்போடாதேங்கோ" என்றேன். செம்புக்குள்ளே சொல்வதுபோல மெல்லச் சொன்னேன்.

"முதல் தாலியைக் கட்டுங்கோ" என்றாள் அவள். "பேந்து கதைப்பம்."

சொல்லிவிட்டு அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. கைக்குட்டையை வாயில் வைத்தாள். நிற்கவில்லை. பெண்கள் எல்லாம் "பாவம், பிள்ளை தாயை நினைச்சு அழுகுது" என்று மூக்கைச் சிந்தினார்கள். நான் தாலி கட்டினேன். படம் எடுக்கிறவன் "இஞ்சை பாருங்கோ" என்றபோது அவள் நிமிர்ந்தாள். அந்த ஒரே ஒரு படத்தில் அவள் வாய் திறந்து சிரிக்கிறாள். பக்கத்தில் நான் பிடிபட்ட கள்ளன். பின்னால் போஞ்சி.

சாப்பாட்டுப் பந்தியில் அந்தோனியைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போனேன். காயைக் காட்டினேன். அவன் ஒரு காயைத் தொட்டுப் பார்த்தான். பிறகு நாக்கால் தன் உடைந்த பல்லைத் தடவினான். "அப்ப, நான் அவிச்சது..." என்றான். தட்டைக் கீழே வைத்தான். "அந்த அரபுக்காரனிட்டை நான் மன்னிப்புக் கேக்க வேணுமடா" என்றான்.

என் மனைவியிடம் பிறகு கேட்டேன். எப்படிக் கண்டுபிடித்தாள்? அவளுடைய தகப்பன் மலைநாட்டில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவராம். போஞ்சி மலைநாட்டுப் பயிர், யாழ்ப்பாணத்தில் அதைச் சந்தையில் காயாகத்தான் பார்ப்போம். அவர்கள் இருந்த குவாட்டர்சின் பின்னால் தாயும் மகளும் சேர்ந்து வரிசை வரிசையாகப் போட்டார்களாம். சிவபாதம் அண்ணை அப்போது யாழ்ப்பாணத்தில் விடுதியில் படித்துக்கொண்டிருந்தார். (அங்கே என்ன படித்தார் என்று நான் கேட்கவில்லை.)

"அப்ப ஏன் சொல்லேல்லை?" என்றேன். "உம்மடை கொம்மா இது இல்லாமல் கலியாணமே வேண்டாம் எண்டவ."

"நீங்கள் வளத்த விதத்தை அண்ணை ஒவ்வொரு நாளும் வீட்டிலை சொல்லுவார். இலை துடைச்சது, விளக்குப் போட்டது, கல்லுப் பொறுக்கினது. ஒரு போஞ்சியைப் பிள்ளை மாதிரிக் குளிப்பாட்டின மனிசன் ஜெர்மனிக்கு ஓடமாட்டார் எண்டு நினைச்சன்."

இதைப் பாராட்டு என்று எடுப்பதா, அவமானம் என்று எடுப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. அவளும் விளக்கவில்லை. ஆனால் அந்த நிமிடம் எனக்குக் கோபம் இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நாலாம் நாள் சடங்கு, மச்ச விருந்து, மற்ற நான்கு பேரும் எங்களுக்கு விட்டுக்கொடுத்த அதே ஆறாம் மாடி அறையில். மலர் இறைச்சியும் மீனும் வைத்தாள், பக்கத்தில் தேங்காய்ப் பாலில் ஒரு பச்சைக் கறியும் வைத்தாள். சாடியைப் பார்த்தேன், இலைதான் இருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்தாள். சிவபாதம் அண்ணை அந்தக் கறியை மூன்று முறை கேட்டு வாங்கினார். "எந்தக் கடையிலை வாங்கினது? நல்ல பிஞ்சு" என்றார். கன்னிக்காலைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். அவரிடம் இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

மாமிக்கு அந்தப் படத்தை அனுப்பினோம். நான்தான் கடிதம் எழுதினேன். முள்முருக்கு நன்றாகத் தளிர்த்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று கந்தோர்த் தமிழில் ஒரு பக்கம். ஆனி மாதம் பதில் வந்தது. மகளுக்கு மூன்று பக்கம். அடியில் எனக்கு நாலு வரி:

"மருமகனுக்கு, படம் கிடைத்தது. போஞ்சி நல்லாய் வந்திருக்கு. ஆனால் நட்ட தடி காணாது, கொடி மடங்கி நிக்குது. அடுத்த முறை ஆளுயரத்துக்கு ஊண்டவும். மூத்தவளின்ரை கலியாணப் படம் ஒண்டிலையும் அவள் சிரிக்கேல்லை. இவள் சிரிக்கிறாள், எனக்கு அது போதும். சிவபாதத்துக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம்."

மலர் அதைச் சத்தமாக வாசித்தாள். நான் கொதித்தேன். ஒரு குளிர்காலம்! நான்கு பேரின் பகை! அந்தோனியின் பல்! ஒரு மதாமின் சாபம்! இவ்வளவும் பட்டு வளர்த்தவனுக்குக் கிடைத்தது தடி கட்டை என்கிற குறை! மலர் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டு நாய் குரைத்தது.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கு மரியாதை இல்லை. நான் வரிப் படிவம் நிரப்பினாலும், கார் பழகினாலும், குழம்புக்கு உப்புச் சொன்னாலும், உலக அரசியல் விளக்கினாலும் முடிவில் மலர் ஒரே தீர்ப்புத்தான் சொல்வாள். இங்கேயே பிறந்த என் மகள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள். எத்தனை சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு அனுப்பியும் ழகரம் வரவில்லை. ஆனால் நான் எதையாவது நிபுணத்துவத்தோடு பேசத் தொடங்கினால் போதும், போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, யாழ்ப்பாணச் சுத்தத்தோடு, ஒரு வசனம் சொல்வாள்:

"அப்பா, தடி காணாது."